முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர்

ஒரு மேல்நிலைப் பள்ளியில் நாற்பது ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களைப் பொறுத்தவரை அதில் பாதிப் பேருக்கு ஒரே பெயர்தான்: சார். மீதிப் பேருக்கும் ஒரே பெயர்: டீச்சர், அல்லது மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சேர் என்பார்கள், ரீச்சர் என்பார்கள். ஆசிரியரின் பெயரை வாய்விட்டுச் சொல்வது நம்மிடம் மரியாதைக் குறைவு. அதனால் அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, கால அட்டவணையில் முன்னெழுத்துகளாக இருக்கிறது, பிள்ளைகளின் பேச்சில் மட்டும் இல்லை. ஆனால் அவர்களுக்கோ நாள் முழுக்க ஆசிரியர்களைப் பற்றித்தான் பேச்சு. இன்றைக்கு எந்த சார் லீவு? எந்த சார் பேப்பர் திருத்தி முடித்துவிட்டார்? ‘கணக்கு சார்’ என்று சொன்னால் அந்தப் பள்ளியில் மூன்று கணக்கு சார் இருக்கிறார்கள். பட்டப்பெயர் முதலில் இந்த நெருக்கடியைத்தான் தீர்த்துவைக்கிறது.

ஊர்களுக்கும் இதே நெருக்கடி வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்கு சதர்லாந்து கடற்கரையில் கேலிக் மொழி பேசிய மீனவக் கிராமங்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பப் பெயர்களும் சில ஞானஸ்நானப் பெயர்களும் மட்டுமே புழங்கின. ஒரே பெயரில் பலர். அந்த ஊர்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மொழியியலாளர் நான்சி டோரியன், 1970-ல் எழுதிய கட்டுரையில் அங்கே இன்னொரு பெயர் ஏற்பாடே தனியாக இயங்கியதை விவரித்தார். அந்த மாற்றுப் பெயர்களில் சிலவற்றை நேரில் சொல்லலாம். சிலவற்றை ஆள் இல்லாதபோது மட்டும்தான் சொல்லலாம். எது எந்த வகை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிப் பட்டப்பெயர் பெரும்பாலும் இரண்டாம் வகை. படர்க்கைக்கென்றே பிறந்தது அது. அதில் நம் மொழிக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. தமிழில் ஒருவரைப் பற்றி வினைச்சொல் போட்டுப் பேசினால் மரியாதையை முடிவு செய்தே ஆக வேண்டும். ‘வர்றார்’ என்றால் பணிவு. ‘வர்றான்’ என்றால் துணிச்சல். அந்த அளவுக்குப் போகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனம் வராது. சாக்பீஸ் எறிகிற ஆசிரியருக்கு ‘சாக்பீஸ்’ என்றும், புல்லட்டில் வருகிறவருக்குப் ‘புல்லட்’ என்றும் பெயர் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. “டேய், புல்லட் வருது!” திணையே மாறிவிட்டது. பணிந்த பாவமும் இல்லை, அவமதித்த பாவமும் இல்லை. அவர் காதில் விழுந்தாலும் பையன் வண்டியைத்தான் சொன்னான். ஒன்பதாம் வகுப்புப் பையன் இலக்கணப் பரீட்சையில் உயர்திணை, அஃறிணையைக் கோட்டைவிடுவான். வராந்தாவில் அதைப் பிசகில்லாமல் கையாளுவான்.

ஆளை அடையாளம் காட்ட ஒரு பெயர் வேண்டும் என்பது வரைக்கும் சரி. அந்தப் பெயர் ஏன் இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது?

சமூக உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. கவனம் மேல்நோக்கிப் பாயும் என்பது அவர் கருத்து. யார் கையில் நம் நன்மை தீமை இருக்கிறதோ அவரைத்தான் நாம் கூர்ந்து கவனிக்கிறோம். அதிகாரியைப் பற்றி உதவியாளருக்குத் தெரிந்த அளவுக்கு, உதவியாளரைப் பற்றி அதிகாரிக்குத் தெரியாது. வகுப்பறையில் இந்தப் பாய்ச்சல் இன்னும் பலமானது. ஓர் ஆசிரியர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறார். அந்த முகங்கள் அத்தனையும் அவர் ஒருவரைத்தான் பார்க்கின்றன. நாற்பத்தைந்து நிமிடம், எழுந்து போக வழியில்லாமல். அவர் இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்று அவர் படியேறும் சத்தத்திலேயே கணித்தாக வேண்டும். தப்பாகக் கணித்தால் பெஞ்சுமேல் நிற்க வேண்டியிருக்கும். எந்த ஆய்வாளருக்கும் இவ்வளவு நேரமும் இவ்வளவு அவசியமும் வாய்ப்பதில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1895-ல் மட்சுயாமா என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1906-ல் வெளிவந்த அவருடைய ‘போட்சான்’ நாவலில் டோக்கியோவிலிருந்து ஓர் இளம் கணக்கு ஆசிரியர் சிற்றூர்ப் பள்ளிக்கு வந்து சேர்கிறார். ஒரு சாயங்காலம் கடைக்குப் போய் டெம்புரா போட்ட நூடுல்ஸை நாலு கிண்ணம் சாப்பிடுகிறார். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் ‘டெம்புரா வாத்தியார்’. அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை கிண்ணம் என்பதுவரை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. இதே ஆள், தன் சக ஆசிரியர்களுக்கெல்லாம் மனதுக்குள் பட்டப்பெயர் வைக்கிறவர். சிவப்புச் சட்டை, முள்ளம்பன்றி என்று அவர் வைத்த பெயர்கள்தான் அந்த நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கின்றன. அந்தப் பாத்திரங்களின் சொந்தப் பெயர்கள் சட்டென்று ஞாபகம் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதைப் பரிசோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள். 1987-ல் பிரிட்டனில் மக்வீனி, யங், ஹே, எல்லிஸ் என்ற நான்கு உளவியலாளர்கள் சிலருக்கு அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப் பெயராகவும் வரும், ரொட்டி சுடுகிறவரையும் குறிக்கும். ஒரே சொல், ஒரே ஒலி. ஆனால் இவர் பெயர் பேக்கர் என்று சொன்னபோது மறந்தவர்கள், இவர் ரொட்டி சுடுகிறவர் என்று சொன்னபோது நினைவில் வைத்திருந்தார்கள். ரொட்டி சுடுகிறவர் என்றதும் அடுப்பு, மாவு, மணம் எல்லாம் கூடவே மனதுக்கு வருகின்றன. நினைவுக்குப் பிடித்துக்கொள்ளப் பல கொக்கிகள் கிடைக்கின்றன. பெயர் என்றதும் ஒன்றும் வருவதில்லை. சிக்கல் பொருளின்மையில்தான் இருக்கிறது என்று 1990-ல் உளவியலாளர் ஜில்லியன் கோஹென் காட்டினார்.

நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று அது எப்போதோ பிரித்துவைத்துவிட்டது. பெற்றோர் வைக்கிற பெயர், இன்ன ஆளுக்கு இன்ன பெயர் என்பதற்குக் காரணம் எதுவும் வேண்டாத இடுகுறி. அழகேசன் அழகாக இருக்கத் தேவையில்லை, ஆறுமுகத்துக்கு முகம் ஒன்றுதான். மாணவர்கள் அதை ஒதுக்கிவிட்டு ஒரு காரணப்பெயரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பழைய மாணவர் கூட்டங்களில் “அவர் பேர் என்னடா… வாயில இருக்கு, வரமாட்டேங்குது” என்று தவிக்கிறவர்கள், பட்டப்பெயரை மட்டும் ஒரு நொடியில் சொல்லிவிடுவதற்கு இதுதான் அடிப்படை.

காரணமாக எதைத் தேர்கிறார்கள்? 1980-களின் தொடக்கத்தில் சூசன் பிரென்னன் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முகங்களைக் கேலிச்சித்திரமாக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். அது செய்தது எளிய வேலை. சராசரி முகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம் அதிலிருந்து எங்கெங்கே விலகுகிறதோ அந்த விலகலைப் பெருக்கிக் காட்டும். மூக்கு கொஞ்சம் நீளமென்றால் இன்னும் நீட்டும். 1987-ல் அவரும் ஜில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோரும் சேர்ந்து நடத்திய சோதனையில், பழக்கமான முகங்களை உள்ளது உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிடக் கேலிச்சித்திரத்தில் மக்கள் வேகமாக அடையாளம் கண்டுகொண்டார்கள். மிகைப்படுத்தியதுதான் மனதுக்கு அந்த ஆளாகத் தெரிந்தது. நாற்பது ஆசிரியர்களைத் தினமும் பார்க்கிற பிள்ளையின் தலைக்குள்ளும் ஒரு சராசரி ஆசிரியர் உருவாகிவிடுகிறார். எல்லோருக்கும் இருக்கிற எதுவும் பட்டப்பெயர் ஆகாது. எல்லா ஆசிரியரும் கண்ணாடி போட்டிருக்கிற பள்ளியில் கண்ணாடி என்ற பெயர் பிழைக்காது.

என் கண்ணுக்கு இருப்பதிலேயே நுட்பமானவை, ஆசிரியரின் வாயிலிருந்தே எடுத்து அவருக்கே வைக்கிற பெயர்கள். ஒரு வேதியியல் ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ‘அதாவது’ போடுகிறார். முதல் வாரம் யாருக்கும் தெரிவதில்லை. பிறகு கடைசி பெஞ்சில் ஒருவன் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பிக்கிறான். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பக்கத்தில் இருப்பவனும் எண்ணுகிறான். இன்றைக்கு ஐம்பதைத் தாண்டும், தாண்டாது என்று கடலைமிட்டாய்க்குப் பந்தயம். கணக்கு தப்பக் கூடாது என்பதற்காகப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஒரு மாதத்தில் அவர் பள்ளி முழுக்க ‘அதாவது’ ஆகிவிடுகிறார். ஒரு மனிதர் தன் பேச்சில் தானே கேட்டிராத ஒன்றை, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கேட்டு, எண்ணி, பெயராக்கிவிட்டார்கள். எழுத்தாளரின் நடையை ஆராய்கிறவர்கள் கணினியில் செய்கிற சொல்லெண்ணிக்கையும் இதே முறைதான்.

இந்த முறைக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் புலவர் பாடலில் எந்தத் தொடர் மனதில் தைத்ததோ அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், ஓரேருழவனார். கடைசி மரியாதை விகுதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். குப்பைக்கோழி! எந்தப் பள்ளி வராந்தாவிலும் ஒலிக்கக்கூடிய பெயர். ஒருவர் சொன்னதிலேயே மறக்க முடியாதது எதுவோ அதுதான் அவர் என்ற துணிபு இரண்டு இடத்திலும் இருக்கிறது. இது எனக்கு மிகப் பெரிய மரியாதையாகவே படுகிறது.

ஆனால் எல்லாப் பெயரும் மரியாதை செய்வதில்லை. ரோமானியக் கவிஞர் ஹொராஸின் பள்ளி ஆசிரியர் ஓர்பிலியுஸ். தன் ஐம்பதாவது வயதில், கி.மு. 63-ல், பெனவெந்தும் ஊரிலிருந்து ரோமுக்கு வந்து பள்ளி நடத்தினார். ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்தார், சொந்த ஊரில் அவருக்குச் சிலை இருந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். ஹொராஸ் தன் கவிதைக் கடிதம் ஒன்றில் ‘அடிக்காரர்’ என்ற பொருளில் ஓர் அடைமொழியை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார். சிலை போய்விட்டது. அடைமொழி இன்றும் இருக்கிறது.

இதையும் விஞ்சியது பிரான்சில் நடந்தது. ரென் நகரத்து லிசே பள்ளியில் 1880-களில் ஃபெலிக்ஸ் ஃபிரெடெரிக் எபேர் என்பவர் இயற்பியல் கற்பித்தார். பெருத்த உடல். வகுப்பை அடக்கும் திறமை அவருக்குத் துளியும் இல்லை. பையன்கள் அவரைப் படுத்தியெடுத்தார்கள். அவர் பெயர் அவர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து எப் ஆயிற்று, எபே ஆயிற்று. அதோடு விடவில்லை. அவரைப் பற்றி வருஷத்துக்கு வருஷம் புராணம் கட்டினார்கள். மூத்த வகுப்பு எழுதியதை இளைய வகுப்பு வாங்கி வளர்த்தது. மோரேன் என்ற சகோதரர்கள் அவரைப் போலந்து நாட்டு அரசனாக்கி ‘போலந்துக்காரர்கள்’ என்று ஒரு நாடகமே எழுதியிருந்தார்கள்.

1888-ல் அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்தான் பதினைந்து வயது அல்ஃபிரெட் ழாரி. வந்ததுமே இந்தப் புராணத்தில் மூழ்கிவிட்டான். மோரேன் வீட்டில் நண்பர்கள் அதை நடித்தார்கள், பொம்மலாட்டமாகவும் போட்டார்கள். மற்றவர்கள் வளர்ந்து வேலைக்குப் போய் அதை மறந்தார்கள். ழாரி அதைப் பாரிசுக்கு எடுத்துப் போனான். எபே என்பது உபு ஆனது. 1896 டிசம்பரில் பாரிஸ் மேடையில் ‘உபு மன்னர்’ அரங்கேறியது. முதல் சொல்லே ஒரு கெட்ட வார்த்தை, அதிலும் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பள்ளிப் பையன்கள் பாணியில் கோணலாக்கிய கெட்ட வார்த்தை. அரங்கில் பெருங்கூச்சல். அன்று பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர்களில் அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸும் ஒருவர். பேராசையும் கோழைத்தனமும் கொடூரமும் ஒன்றாகச் சேர்ந்த அந்த உபுதான் பின்னால் வந்த சர்ரியலிஸ்டுகளுக்கும் அபத்த நாடகக்காரர்களுக்கும் முன்னோடி ஆனார். உபுத்தனமான ஆட்சி என்று சொல்ல ஒரு பெயரடையே பிரெஞ்சு அகராதியில் ஏறிவிட்டது. இனவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், 1997-ல், உண்மை ஆணையத்தைப் பற்றி எழுதப்பட்ட நாடகத்திலும் உபுவே தலைமைப் பாத்திரம்.

எபேரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. வகுப்பை அடக்கத் தெரியாத ஒரு சாது மனிதரின் பெயரைத் தேய்த்து எடுத்த எச்சம், உலகத்துக் கொடுங்கோலர்களுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ழாரியின் மேதைமையைப் பாராட்டுகிறவர்கள் இந்த அநியாயத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ழாரி வந்தபோது அந்தப் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பிரிட்டனில் அயோனா ஓபி, பீட்டர் ஓபி தம்பதியர் எழுபது பள்ளிகளில் சுமார் 5,000 குழந்தைகளிடமிருந்து திரட்டி 1959-ல் வெளியிட்ட பெரும் நூல், பெரியவர்களின் தலையீடே இல்லாமல் பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கே போகிற ஒரு வாய்மொழி மரபு இருப்பதை நிறுவியது. ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளை ஏழு வருஷத்தில் வெளியேறிவிடுகிறது. முப்பது வருஷம் ஒரே பள்ளியில் இருக்கிற ஆசிரியர் முன்னால் நான்கு தலைமுறை வந்து போகிறது. முதல் தலைமுறை வைத்த பெயரைக் கடைசித் தலைமுறை சொல்கிறது. சாக்பீஸ் எறிவதை அவர் எப்போதோ விட்டிருப்பார். ஸ்மார்ட் போர்டு வந்திருக்கும். அவர் ஏன் சாக்பீஸ் என்று புதிய பிள்ளைகளுக்குத் தெரியாது. காரணப்பெயர் அங்கே மறுபடி இடுகுறி ஆகிவிடுகிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அண்ணன்மார், அக்காமார் வாயால் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வதுதான் அந்த ஊரில் குடியேறியதற்கு அத்தாட்சி.

பெயர் வைக்கும் இந்த உரிமை வகுப்பறைக்கு மட்டும் சொந்தமில்லை. அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கி ஆய்ந்தார். 1985-ல் வந்த அவருடைய நூலில், ஏழைகள் பணக்காரர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்கள் வருகின்றன. நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்ட ஒருவர் ‘ஹாஜி விளக்குமாறு’. ஊரிலேயே பெரிய பணக்காரர் ‘காதிர் செட்டி’. மலாயாவில் வட்டித்தொழில் செய்த நம் செட்டியார்களின் நினைவு அங்கே ஒரு முஸ்லிம் பண்ணையார் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. வட்டியைப் பாவமென்று கருதும் ஊரில் அந்தப் பெயர் ஒரு குற்றப்பத்திரிகை. எதிர்த்துப் பேச முடியாதவர்கள் எதிர்ப்பைப் பெயருக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். பிரம்பு இருந்த காலத்து வகுப்பறைகளில் ஏன் ஊருக்கு ஒரு ‘ஹிட்லர்’ இருந்தார் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கேடான பெயர்களும் இருக்கின்றன, அவற்றை நான் பூசி மெழுக மாட்டேன். நிறத்தை, சாதியை, காலின் ஊனத்தை, குழந்தையில்லாத டீச்சரின் துயரத்தைப் பெயராக்குகிற வகுப்புகள் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொண்டே பணி ஓய்வுவரை வந்துபோனவர்கள் உண்டு. அத்தகைய பெயருக்குக் கவனிப்பே தேவையில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளும் முதல் பார்வையில் அதை வைத்துவிடுவான்.

அப்படியானால் உடம்பைத் தொட்ட பெயரெல்லாம் கேடா? காது கேளாதோர் பள்ளிகளின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. சைகை மொழியில் ஒருவரைக் குறிக்க அவர் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது நேரம் பிடிக்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை உண்டு. ஆளைக் கூப்பிட அது பயன்படுவதில்லை. கூப்பிட வேண்டுமானால் கை அசைப்பார்கள், தோளைத் தொடுவார்கள். ஆளைப் பற்றிப் பேசத்தான் அந்தச் சைகை. பாரிஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான லொரான் கிளெர், ஒரு வயதில் அடுப்படியில் விழுந்து கன்னத்தில் தழும்பு பெற்றவர். இரண்டு விரலால் கன்னத்தைத் தடவுவதுதான் அவர் பெயர். 1816-ல் அமெரிக்காவுக்கு அவரை அழைத்துப் போன தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் மூக்குக் கண்ணாடி அணிந்தவர். கண்ணோரத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கண்ணாடிக் காம்பைப் பிடித்துப் பின்னால் இழுப்பது அவர் பெயர். இருவரும் சேர்ந்து 1817-ல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கினார்கள்.

நம் பள்ளிகளில் இதே கண்ணாடிக்குச் ‘சோடாபுட்டி’ என்று பெயர் விழும், அது அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே ஒளிக்க எதுவும் இல்லை. தழும்பும் கண்ணாடியும் அவரவர் முன்னாலேயே, அவரவர் அறிய, பெயராகப் புழங்கின. வாஷிங்டனில் 1864-ல் காது கேளாதோருக்கான கல்லூரி ஏற்பட்டு, பின்னர் கேலடெட்டின் பெயரைத் தாங்கி, 1986-ல் பல்கலைக்கழகமும் ஆயிற்று. அமெரிக்கச் சைகை மொழியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்றைக்கும் அந்தக் கண்ணாடிக் காம்புதான்.

பெயர்ச் சைகையை யாரும் தனக்குத்தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். காது கேட்கிற ஆசிரியர் ஒருவர் அத்தகைய பள்ளிக்குப் புதிதாக வந்தால், பெயர் கிடைக்கும்வரை விரலால் எழுத்துக்கூட்டிக் காட்டப்படும் ஆளாகவே இருப்பார். அவரை நன்றாகப் பார்த்துப் பழகிய பிறகு, அவர்களில் ஒருவர் அவருக்கு ஒரு சைகையைக் கொடுப்பார்.